காதலுக்கு வேலியிட்ட சட்டங்கள்

காதல் நாவல் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்னும் பலர் இருக்கின்றனர். அதிலும், பள்ளிப் பருவத்தைக் கடவாத பிள்ளைகளின் கையில் அப்படிப்பட்டதொரு புத்தகத்தைக் கண்டுவிட்டால், படிப்பும் கெட்டது, குடியும் கெட்டது என்று கவலைப்படத் தொடங்கிவிடுகின்றனர். அக்கவலையை ஏளனம் செய்ய நாம் முன்வரவில்லை. ஆனால், ஒரு நூலைப் பிரித்தும் பாராமல் அதன்மேல் தீர்ப்புச் சொல்லுவது நியாயமன்று என்றே கூறுகிறோம். இக்காலத்து இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் நாவல்களில் ஒரு வகை, வெறும் காதற்கதையாக நின்றுவிடுவதில்லை. மனித சமூகம் தன் சட்டப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பின்னர் வெட்கப்பட்டு அழித்துவிட்ட சில பக்கங்களை, அவ்வகை நூல்கள் மீண்டும் எடுத்து நம் கண்முன் நீட்டுகின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் கிடக்கும் சரித்திரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகை நாவல்கள் பிறந்த வரலாறு

குறையொன்றுமில்லாத பொன்னுலகைக் கற்பித்துக் காட்டும் நூல்கள் மேல்நாட்டில் நெடுங்காலமாகவே உண்டு. 1516-ம் வருஷத்தில் தாமஸ் மோர் வெளியிட்ட 'உடோபியா' அவற்றுள் பேர் பெற்றது. அதற்கு நேர்மாறாக, மனிதர் இப்படியே நடந்துகொண்டு போவார்களாயின் உலகம் எத்தகைய நரகமாகும் என்று எச்சரிக்கும் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டிலே பெருகின. ருஷ்ய ஆசிரியராகிய எவ்கெனி சம்யாத்தின் 1920, 1921-ம் வருஷங்களில் எழுதிய 'நாம்' என்னும் நாவலில் மனிதருக்குப் பெயர்கள் இல்லை, எண்களே உண்டு. ஆணும் பெண்ணும் கூடுவதற்கும் அரசாங்கத்தார் சீட்டுக் கொடுக்க வேண்டும். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1924-லேயே நியூயார்க்கில் வெளிவந்துவிட்டது. ஆசிரியரின் தாய்நாட்டிலோ அது அச்சேறுவதற்கு 1988-ம் வருஷம்வரை காத்திருக்க நேர்ந்தது. 1932-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லி வெளியிட்ட நாவலில் பிள்ளைகள் தாய் வயிற்றில் பிறப்பதில்லை, புட்டிகளில் வளர்கின்றனர்; ஒருவர் ஒருவரையே நேசித்திருப்பது அங்கே அநாகரிகம். 1949-ல் ஜார்ஜ் ஆர்வெல் வெளியிட்ட நாவலிலோ வின்ஸ்டனும் ஜூலியாவும் ஒருவரையொருவர் நேசிப்பதே ராஜத்துரோகமாகி விடுகிறது.

இம்மூவரும் வயதுவந்தோருக்காக எழுதினர். இவர்கள் போட்ட பாதையிலேயே, பின்வந்த ஆசிரியர்கள் இளைஞருக்கென்று எழுதத் தொடங்கினர். 1993-ல் லோயிஸ் லோரி எழுதிய 'தி கிவர்' என்ற கதையில், பருவம் வந்த பிள்ளைகளின் உணர்ச்சியை மாத்திரை கொடுத்து அடக்குகின்றனர். 2010-ல் வெளிவந்த ஆலி காண்டியின் 'மேட்ச்டு' என்ற நாவலில், யாருக்கு யார் துணை என்பதை அரசாங்கமே கணக்கிட்டு அறிவிக்கிறது. 2011-ல் வெளிவந்த லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' என்ற நாவலில், காதல் என்பதே ஒரு கொள்ளை நோய். பதினெட்டு வயதில் சிகிச்சை செய்து அதை நீக்கிவிடுகின்றனர்.

இவற்றைப் படிக்கும் இளைஞன், 'இப்படியும் ஒரு காலம் வருமோ?' என்று அஞ்சுகிறான். நாம் எடுத்துக்கொண்ட நாவலைப் படிப்பவனோ, 'இப்படியும் ஒரு காலம் இருந்ததோ?' என்று கேட்கிறான். இரண்டாவது கேள்வியே அதிகப் பயனுடையது என்பது நமது கருத்து.

நிறம் மாற்றிய உலகம்

மேலே குறிப்பிட்ட நாவலை எழுதியவர் மேலொரி பிளாக்மன் என்னும் அம்மையார். 1962-ம் வருஷத்தில் லண்டன் நகரில் பிறந்தவர். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோஸிலிருந்து வந்தவர்கள். பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்கென ஏற்பட்ட ஆஸ்தான ஆசிரியர் பதவியை 2013 முதல் 2015 வரை வகித்தவர். அப்பதவிக்கு வந்த முதற் கறுப்பர் இவரே. இவர் 2001-ம் வருஷத்தில் 'நாட்ஸ் அண்டு கிராஸஸ்' என்ற நாவலை வெளியிட்டார். சுழியும் பெருக்கற்குறியும் மாறி மாறிப் போட்டுச் சிறுவர் ஆடும் ஓர் ஆட்டத்தின் பெயர் அது. எவரும் எளிதில் வெல்ல முடியாத ஆட்டம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்நாவலில் வரும் தேசத்திலே ஆளும் வகுப்பார் கறுப்பு நிறத்தவர். அவர்கள் பெயர் 'கிராஸ்'. ஆளப்படுபவர் வெள்ளை நிறத்தவர். அவர்கள் பெயர் 'நாட்', அதாவது சுழி, ஒன்றுமில்லாதவர். நாட் வகுப்பார் முன்பு அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமைத்தனம் ஒழிந்ததேயன்றி இழிவு ஒழிந்தபாடில்லை. நல்ல பள்ளி, நல்ல உத்தியோகம், நல்ல மருத்துவம் யாவும் கிராஸ் வகுப்பாருக்கே உரியவை.

செஃபி என்பவள் மந்திரி காமால் ஹாட்லியின் மகள், கிராஸ் வகுப்பினள். காலம் மக்கிரெகர் என்பவன் அவள் வீட்டில் வேலை செய்த மெகி என்னும் நாட் பெண்ணின் மகன். எஜமானி வீட்டுக் குழந்தையும் வேலைக்காரி வீட்டுக் குழந்தையும் ஒன்றாகவே விளையாடி வளர்ந்தவர்கள். ஒரு நாள் அவ்வீட்டு எஜமானி தன் கணவனிடம் சொன்ன ஒரு பொய்யை மெகி தாங்கிப் பேசவில்லை என்பதற்காக, அவள் வேலையினின்று நீக்கப்படுகிறாள். அன்றுமுதல் பிள்ளைகளிருவரும் ஒளிந்தே சந்திக்கின்றனர். கடற்கரையில் தொடங்கும் அந்த நட்பு காதலாகிறது. நாவலின் ஒரு பகுதியை அவள் சொல்லுகிறாள். அடுத்த பகுதியை அவன் சொல்லுகிறான். இப்படியே மாறி மாறிச் செல்லுகிறது. ஒரே சம்பவம் மேலிருந்து பார்ப்பவளுக்கு எப்படித் தோன்றுகிறது, கீழிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை இம்முறை நன்கு விளக்குகின்றது.

நாட் பிள்ளைகள் சிலரைக் கிராஸ் பள்ளியில் முதன்முறையாகச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. அச்சிலருள் காலமும் ஒருவன். பள்ளி வாயிலில் பெருங்கூட்டம் கூடி வழி மறிக்கிறது. கூட்டத்தை அடக்க முயன்ற செஃபியின் வாயிலிருந்தே நாட் வகுப்பாரை இழிக்கும் வசைச்சொல் ஒன்று வந்துவிடுகிறது. தான் நேசிப்பவனையே அச்சொல் சுட்டது என்பதை அவள் பிறகே உணருகிறாள். நாவலின் மிகச் சிறந்த இடம் இதுவே என்போம். கொடியவர்கள் கொடுமை செய்வதைக் காட்டுவது எளிது. நல்ல மனமுடைய ஒரு சிறு பெண்ணின் நாவிலும் வகுப்பு வெறி குடியிருப்பதைக் காட்டுவது அரிது. பின்னர் அவள் உணவு மண்டபத்தில் நாட் பிள்ளைகளோடு உட்கார்ந்த குற்றத்துக்காக, அவளுடைய வகுப்புப் பெண்களே அவளை அடித்துப் போடுகின்றனர்.

கதையின் பிற்பகுதி இருள் மிக்கது. காலமின் தமையன் ஆயுதப் புரட்சிக் கூட்டத்தில் சேருகிறான். கடைவீதியில் வெடிகுண்டு வெடிக்கிறது. தந்தை பழியேற்றுச் சிறையிலே மாளுகிறார். ஊரை விட்டு இருவரும் ஓடிப்போகலாம் என்று செஃபி எழுதிய கடிதம் காலம் கைக்கு நேரத்தில் கிட்டவில்லை. அவனும் புரட்சிக் கூட்டத்தில் சேர்ந்து, கடைசியில் அவளையே சிறைப்பிடிக்கும் காரியத்துக்கு உடந்தையாகிறான். இறுதியில் அவனுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கிறது. செஃபி அவன் குழந்தையைச் சுமந்திருக்கிறாள்.

கற்பனைக்கு வித்திட்ட உண்மைகள்

இக்கதையில் ஆசிரியர் நிறத்தை மட்டுமே மாற்றினார். நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் மாற்றவில்லை. பள்ளி வாயிலில் கூட்டம் வழிமறித்தது அமெரிக்காவில் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்து லிட்டில் ராக் நகரில் நடந்ததாகும். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், 1957-ம் வருஷம் செப்டம்பரில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் அந்நகர உயர்தரப் பள்ளிக்குச் சென்றனர். மாகாண கவர்னர் படையை நிறுத்தித் தடுத்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகே அப்பிள்ளைகள் அங்கே தொடர்ந்து படிக்க முடிந்தது.

நாவலில் மற்றொரு சிறு காட்சி வருகிறது. காயம்பட்ட நாட் மாணவி ஒருத்தியின் வெளிர் முகத்தில் கரும்பழுப்பு நிறப் பிளாஸ்திரி பளிச்சென்று தெரிகிறது. அத்தேசத்தில் பிளாஸ்திரி செய்வோர் கிராஸ் வகுப்பாரின் தோல் நிறத்துக்கே செய்கின்றனர். உண்மை உலகில் அது நேர்மாறாக இருந்ததை, கறுப்புத் தோலில் இளஞ்சிவப்புப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வளர்ந்த ஆசிரியரைவிட யார் அறிவார்? சரித்திர வகுப்பிலும் இப்படியே. உலகுக்கு நன்மை செய்த பெரியோர் யாவரும் கிராஸ் வகுப்பினரே என்று காலமுக்குக் கற்பிக்கின்றனர். அங்கு வரும் பெயர்கள் கற்பனையல்ல. வட துருவப் பயணத்தில் பியரியோடு சென்ற மாத்யூ ஹென்சன் போன்று, நமது உலகத்துப் பாடப் புத்தகங்கள் மறைத்துவிட்ட உண்மையான கறுப்பர்களின் பெயர்களே அவை.

1993-ம் வருஷம் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞன் வெள்ளை இளைஞர் சிலரால் குத்திக் கொல்லப்பட்டான். போலீஸார் அவ்வழக்கை நடத்திய விதத்தை ஆராய்ந்த மக்பெர்ஸன் விசாரணை, 1999-ல் அவ்விலாகாவிலேயே நிறவெறி ஊறிக் கிடப்பதாகத் தீர்மானித்தது. இந்நாவல் எழுந்த சூழ்நிலை அதுவே.

சட்டம் பிறந்த காரணம்

நிற்க, இருவேறு வகுப்பார் மணப்பதைத் தடுக்கும் எண்ணம் எங்கிருந்து பிறந்தது? இயற்கையாகவே மனிதருக்கு அத்தகைய வெறுப்பு உண்டு என்பர் சிலர். அங்ஙனமாயின் சட்டம் எதற்கு? பசித்தவன் மண்ணைத் தின்னலாகாது என்று எந்த அரசாங்கமும் சட்டம் செய்ததில்லை. மனிதர் செய்ய விரும்பியதும், செய்து வந்ததுமான ஒன்றையே சட்டம் தடுக்கிறது.

அமெரிக்காவின் ஆதிக் குடியேற்றங்களை நோக்குவோம். 1662-ல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது: பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திர மனிதனா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. ஆங்கில வழக்கப்படி குழந்தை தந்தை வழியையே பின்பற்ற வேண்டும். அதை ஏன் மாற்றினர்? அடிமைப் பெண்ணிடம் வெள்ளை எஜமானனுக்குப் பிறந்த பிள்ளை, அப்பனின் வாரிசாகாமல் அவனுடைய சொத்தாக வேண்டும் என்பதற்காகத்தான். இனி, சுதந்திர வெள்ளைப் பெண்ணொருத்தி அடிமையை மணந்தால், இந்த நியாயப்படி அவள் பிள்ளை சுதந்திர மனிதனாகி விடுவானல்லவா? அதற்கும் அணை போட்டனர். 1664-ல் மேரிலாந்து, அடிமையை மணக்கும் சுதந்திரப் பெண் தன் கணவன் உயிரோடுள்ள வரை அவன் எஜமானுக்கு ஊழியஞ் செய்ய வேண்டும் என்றும், அவள் பிள்ளைகள் அடிமைகளே என்றும் விதித்தது. 1691-ல் வர்ஜீனியா, கறுப்பரையோ செவ்விந்தியரையோ மணக்கும் வெள்ளையரை நாட்டை விட்டே துரத்தும் சட்டத்தைச் செய்தது.

எஜமானன் அடிமைப் பெண்ணைத் தொட்டதை இச்சட்டங்கள் நடைமுறையில் தடுக்கவில்லை என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உண்மையில் அவை குறிவைத்தது சேர்க்கையையன்று, விவாகத்தையே. விவாகம் சமத்துவத்தைத் தருகிறது, பெயரைத் தருகிறது, பாகத்தைத் தருகிறது. இவற்றைத் தராத சேர்க்கையால் எஜமானனுக்கு நஷ்டமில்லை, லாபமே உண்டு. ஆகவே இச்சட்டங்கள் காவல் காத்தது கற்பையுமன்று, இரத்தத் தூய்மையையுமன்று. அவை சொத்துக்கும் கூலியற்ற உழைப்புக்கும் காவல் நின்றன.

படுக்கையறைக்குள் வந்த ஷெரீப்

இச்சட்டம் எவ்வளவு காலம் வாழ்ந்தது? அடிமைத்தனம் 1865-ல் ஒழிந்த பின்னும் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது. 1924-ல் வர்ஜீனியா அதை மேலும் கடுமையாக்கிற்று. அந்த மாகாணத்தில், ரிச்சர்டு லவ்விங் என்ற வெள்ளைக் கொத்தனாரும், மில்ட்ரெட் என்ற கறுப்பும் செவ்விந்திய வம்சமும் கலந்த பெண்ணும் 1958-ம் வருஷம் ஜூன் மாதம் வாஷிங்டன் நகரம் சென்று விவாகம் செய்துகொண்டு ஊர் திரும்பினர். ஐந்து வாரங்கள் கழிந்து, நள்ளிரவுக்குப் பின் ஷெரீப் ஆட்களோடு வந்து, அவர்கள் படுத்திருந்த அறைக்குள் புகுந்து விளக்கைப் பிடித்தார். சுவரில் மாட்டியிருந்த விவாகப் பத்திரத்தைக் காட்டினர். அது இங்கே செல்லாது என்றார் ஷெரீப்.

1959-ம் வருஷம் ஜனவரியில் ஒரு வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இருபத்தைந்து வருஷகாலம் இருவரும் சேர்ந்து அம்மாகாணத்தில் கால் வைப்பதில்லையாயின் தண்டனை நிறுத்தி வைக்கப்படும் என்பது நிபந்தனை. ஆண்டவன் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தது கலவாதிருப்பதற்கே என்று நீதிபதி காரணங் காட்டினார். கறுப்பரைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தது யார் என்பதையும், செவ்விந்தியர் கண்டத்துக்குள் வெள்ளையர் வந்தது எப்படி என்பதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊரையும் உற்றாரையும் பிரிந்து வாழ மாட்டாமல், 1963-ல் மில்ட்ரெட் அம்மையார் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் வினவியபோது, தன் மனைவியைத் தான் நேசிப்பதாகவும், அவளோடு சொந்த ஊரில் வாழ முடியாதிருப்பது அநியாயம் என்றும் சொன்னாற் போதும் என்றார் அந்தக் கொத்தனார். 1967-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாக அச்சட்டத்தைச் செல்லாதென்றனர். அன்று பதினாறு மாகாணங்களில் அத்தகைய சட்டம் இருந்தது. அலபாமா மாகாணம் தன் அரசியல் சாசனத்திலிருந்து அந்த வாசகத்தை நீக்கியது 2000-ம் வருஷத்திலேதான். அப்பொழுதும் வாக்களித்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் நீக்கக் கூடாதென்றே வாக்களித்தனர். சட்டம் செத்த பின்னும் அதன் ஆவி எவ்வளவு காலம் உலவுகிறது, பாருங்கள்!

மற்றைத் தேசங்களில்

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பைத்தியம் என்று எண்ணற்க. 1935-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி நாஜி ஜெர்மனி நூரம்பர்க் நகரில் செய்த சட்டம், யூதருக்கும் ஜெர்மானியருக்கும் விவாகத்தையும் உறவையும் தடுத்தது. நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஜெர்மானியப் பெண்ணை யூதர் வீட்டு வேலைக்கு வைப்பதையும் தடுத்தது. அது முடிந்த இடம் எதுவென உலகம் அறியும்.

தென் ஆப்பிரிக்காவில் 1927-ல் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் விவாகமின்றி ஏற்படும் உறவு குற்றமாக்கப்பட்டது. 1949-ல் வெள்ளையர் அல்லாத யாவரோடும் வெள்ளையர் மணப்பது தடுக்கப்பட்டது. 1950-ல் முன்னைய சட்டமும் அவ்வாறே விரிக்கப்பட்டது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் சந்ததியாரும் இவ்வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவர்களே. 1985-ல்தான் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

அந்த 1949-ம் வருஷச் சட்டத்தின் நிழல் பக்கத்து நாட்டிலும் விழுந்தது. பெச்சுவானாலாந்து இளவரசர் செரெட்சே காமா, லண்டனில் சட்டம் படிக்கையில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை 1948-ல் மணந்தார். வெள்ளையரசியைத் தாங்கிய கறுப்பு நாடொன்று அண்டையில் இருப்பதைத் தென் ஆப்பிரிக்க அரசாங்கம் பொறுக்கவில்லை. அதன் பொன்னையும் யுரேனியத்தையும் நாடிய பிரிட்டிஷ் அரசாங்கம், விவாகத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் தன்னிடம் இல்லாதிருந்தும், 1950-ல் அவரைப் பேச்சுவார்த்தைக்கென லண்டனுக்கு அழைத்து, நாடு திரும்பவிடாமல் தடுத்துவிட்டது. 1956-ல் தலைமையுரிமையைத் துறந்து சாதாரணக் குடிமகனாகவே அவர் திரும்ப முடிந்தது. ஆயினும் 1966-ல் அந்நாடு போட்ஸ்வானா என்ற பெயரோடு விடுதலை பெற்றபோது, மக்கள் அவரையே முதல் ஜனாதிபதியாக்கினர். அவ்விருவருக்கும் பிறந்த மகன் இயன் காமா 2008 முதல் 2018 வரை அதே ஆசனத்தில் அமர்ந்தார்.

குழந்தையின் பெயர்

மேற்கண்ட சரித்திரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் பிளாக்மன் அம்மையார் நாவலின் முடிவு விளங்கும். தூக்குமேடை காத்திருக்கையில், மந்திரி ஹாட்லி ஒரு பேரம் பேசுகிறார். வயிற்றிலிருக்கும் குழந்தை வேண்டாமென்றால் காலமின் உயிர் தப்பும். மகளிடமும் கேட்கிறார், அவனிடமும் கேட்கிறார். இருவரும் தனித்தனியே மறுத்துவிடுகின்றனர். மந்திரிக்கு அந்தப் பையனின் உயிர் ஒரு பொருட்டன்று. அவனைக் கொன்றாலும் விட்டாலும் அவருக்கு ஒன்றே. அவர் அஞ்சியது பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு. 1662-ல் வர்ஜீனியாவின் நிலப்பிரபுக்கள் அஞ்சியதும் அதற்கே.

நாவலின் கடைசியில் பத்திரிகையில் வரும் ஒரு ஜனன அறிவிப்பு மட்டுமே நிற்கிறது. குழந்தையின் பெயர் காலி ரோஸ்; குடும்பப் பெயர் மக்கிரெகர். அதாவது, கிராஸ் மந்திரியின் பேத்தி, தூக்கிலிடப்பட்ட நாட் தந்தையின் பெயரை ஊரறியத் தாங்குகிறாள். அச்சிறு அறிவிப்புக்குள் ஒரு புரட்சியே அடங்கியிருக்கிறது என்று நாம் சொல்லுவது மிகையாகாது.

இந்நாவலில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நேரத்தில் சேராத கடிதம் போன்ற சந்தர்ப்பங்களின்மேல் ஆசிரியர் அளவுக்கு மிஞ்சிப் பாரத்தை ஏற்றுகிறார். காதலர் மாண்டால்தான் காதல் பெரிது என்ற பழைய கொள்கையினின்று அவரும் முழுதும் விடுபடவில்லை. உண்மைச் சரித்திரத்திலோ லவ்விங் தம்பதிகள் ஊர் திரும்பி வீடு கட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்தனர். காமா தம்பதிகள் ஒரு தேசத்தையே கட்டினர். இறந்து காட்டியவர்களைவிட வாழ்ந்து காட்டியவர்களே வேலிகளை அதிகமாகப் பெயர்த்தனர். நமது இளைஞர்கள் நாவலின் முடிவோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நமது வீட்டு வேலி

இத்தனையும் படித்த பின், 'வெள்ளையரும் கறுப்பரும் செய்த வினை, நமக்கென்ன?' என்று கேட்போர் உண்டு. நாம் அவர்களை ஒன்று கேட்கிறோம். ஜாதி என்பது எதனால் ஜீவிக்கிறது? கோயிலிலும் கிணற்றிலும் ஹோட்டலிலும் அது தளர்ந்த பின்னும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இடத்தில் மட்டும் தளராது நிற்பதேன்? 1936-ல் டாக்டர் அம்பேத்கர் லாகூர் மகாநாட்டுக்கென எழுதி, அவ்வழைப்பு ரத்தாகிவிடவே தாமே அச்சிட்டு வெளியிட்ட 'ஜாதி ஒழிப்பு' என்ற நூலில், கலப்பு மணமே ஜாதி நோய்க்கு உண்மையான மருந்து என்றும், அம்மருந்தை உண்ணவிடாமல் தடுப்பது சாஸ்திரங்களின்மேல் வைத்துள்ள பக்தியே என்றும் விளக்கினார். பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் வெளியிட்டது. வர்ஜீனியாவில் ஷெரீப் செய்த வேலையை நம்மவரிடையே தாயும் தகப்பனும், மாமனும் சிற்றப்பனும் சம்பளமில்லாமல் செய்து வருகின்றனர் என்பதே வித்தியாசம்.

தமிழ்நாட்டில் புரோகிதரும் சடங்குமின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாவென 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆயிரக்கணக்கான தம்பதிகளின் நிலை லவ்விங் தம்பதிகளின் சுவரிலே தொங்கிய பத்திரத்தின் நிலைபோலாயிற்று. அமெரிக்கத் தீர்ப்பு வந்த அதே 1967-ம் வருஷத்தில், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கும் மசோதா, முன் நடந்தவற்றுக்கும் பொருந்துமாறு, சட்டசபையில் நிறைவேறியது. ஆனால், இந்தியாவில் வேற்று மதத்தார் தத்தம் மதம் மாறாமல் மணந்துகொள்ள இடமளிக்கும் 1954-ம் வருஷச் சட்டத்தின்படி, முப்பது நாள் முன்னதாகப் பெயரும் ஊரும் யாவரும் காண அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்ற விதி உள்ளது. ஓடிவந்த பிள்ளைகளைத் துரத்துவோருக்கு அப்பலகையே வழிகாட்டியாவதும் உண்டு.

மலாய் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம்மவரிடம் இக்காரியத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1929-ம் வருஷக் கடைசியில் பெரியார் இங்கு வந்து போன பின்னர், 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஏற்பட்டது. அதன் முன்னணியில் நின்றவரும், 1935-ல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கியவருமான கோ. சாரங்கபாணி அவர்கள், சீனப் பெண்மணி ஒருவரை மணந்து வாழ்ந்தார். மேடையில் பேசியதை வீட்டிலும் செய்து காட்டியவர் அவர். அத்தகையோர் நடந்த பாதையில் நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்பதை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி எது என்பதைக் கொண்டே அளந்துகொள்ளலாம்.

ஆதலின், உங்கள் மகனோ மகளோ இத்தகைய நாவலொன்றைக் கையில் வைத்திருக்கக் கண்டால், அதைப் பிடுங்கி எறியாதீர்கள் என்று பெற்றோரை வேண்டிக்கொள்ளுகிறோம். அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி நீங்களும் படியுங்கள். பின்னர், அக்கதையில் வரும் மந்திரி ஹாட்லி யாரைப் போலிருக்கிறார் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் மறுமொழி உங்களை நோக்கியதாக இராவிடில், உங்கள் குடும்பம் சீர்திருத்தத்தில் முன்னேறிய குடும்பமே. அவ்வாறு இருப்பின், திருந்துவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.